பெரிய ட்ரவுட், சால்மன் ஏன் தப்பிப் போகின்றன? தூண்டில் தடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டெம்பரில் ஒரு நல்ல மழை பெய்து ஆறு கலங்கினால் போதும், கனடாவில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் முட்டையிட ஆறுகளில் மேலே ஏறத் தொடங்கிவிடும். ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆறு, மேற்கே கிரெடிட் ஆறு, கிழக்கே போர்ட் ஹோப் ஊரில் கனராஸ்கா ஆறு என்று எங்கே போய் நின்றாலும் கரையில் இரண்டு தமிழ்க் குரலாவது கேட்கும். அதில் ஒரு குரல் கட்டாயம் "ஐயோ, போயிட்டுது" என்று சொல்லும். மீன் கொத்தாததால் வெறுங்கையோடு போகிறவர்களைவிட, கொத்திய மீனைத் தவறவிட்டுப் போகிறவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை.

இங்கே நரம்பு என்று நான் எழுதுவது ரீலில் சுற்றும் நைலான் இழையை. யாழ்ப்பாணத்தில் தங்கூசி என்போம். அதன் முனையில் தனியாகக் கட்டும் மெல்லிய துண்டு லீடர். அதில் கட்டும் தூண்டில் கொக்கியை முள் என்பேன். பவுண்ட் கணக்கை எங்கள் வழக்கப்படி இறாத்தல் என்றே எழுதுகிறேன்.

"அண்ணை, ஒரு தடி வாங்கத்தான் காசு இருக்கு. எதை வாங்க?"

ஒன்பதரை அடி நீளம், இரண்டு துண்டு, நடுத்தர வலு, 8 முதல் 12 இறாத்தல் நரம்புக்கு ஏற்றது. அதற்கு 3000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல். ஒன்ராறியோ ஏரியில் விழும் ஆறுகளில் ஸ்டீல்ஹெட் (ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறும் ரெயின்போ ட்ரவுட்), பிரவுன் ட்ரவுட், கோஹோ சால்மன் எல்லாவற்றுக்கும் இது போதும். இருபது இறாத்தல் சினூக் மாட்டினால் கொஞ்சம் திணறும், ஆனால் கரை சேர்க்கலாம்.

இலையுதிர்காலத்தில் சினூக்குக்கு மட்டும்தான் ஆற்றுக்குப் போவேன் என்றால் கணக்கு வேறு. ஒன்பது அடி, நடுத்தரத்துக்கும் ஒரு படி மேலான வலு, 10 முதல் 20 இறாத்தல் நரம்பு, 4000 அளவு ரீல். ஆனால் இந்தத் தடியோடு ஏப்ரலில் ஸ்டீல்ஹெட்டுக்குப் போகாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தடியின் அடியில் எண்களும் எழுத்துகளும் இருக்கின்றனவே, அவை என்ன?

கைப்பிடிக்குச் சற்று மேலே நான்கு விஷயங்கள் எழுதியிருக்கும்: நீளம், வலு, நரம்பின் அளவு, எறியும் இரையின் எடை. வலு என்பது தடியை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. எல் என்றால் இலேசு, எம் என்றால் நடுத்தரம், எம்எச் என்றால் அதற்கு மேல், எச் என்றால் கடினம்.

சில தடிகளில் 'ஃபாஸ்ட்', 'மாடரேட்' என்றும் இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். இது வலுவைச் சொல்வதில்லை, தடி எந்த இடத்தில் வளைகிறது என்பதைச் சொல்கிறது. ஃபாஸ்ட் தடி நுனியில் மட்டும் வளையும். மாடரேட் தடி நடுவரை வளையும். கடையில் நுனியை ஆட்டிப் பார்த்தால் இது தெரியாது. நுனியை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் கைப்பிடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வளைவு நுனியோடு நிற்கிறதா, கைப்பிடி நோக்கி இறங்கி வருகிறதா என்று கண்ணால் காணலாம்.

மெல்லிய லீடரோடு ஸ்டீல்ஹெட் பிடிக்க, நடுவரை வளையும் தடியே நல்லது. ஸ்பூன் என்ற உலோகத் தகட்டு இரையை எறிந்து சினூக் பிடிக்க ஃபாஸ்ட் தடி வசதி.

நல்ல கடினமான தடி வாங்கினால் பெரிய மீன் தப்பாதுதானே?

இல்லை, அதனால்தான் பல மீன்கள் தப்புகின்றன. இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பதில் மிகவும் பலவீனமானது தடி அல்ல. லீடர், அதன் முடிச்சு, மீனின் வாயில் முள் பிடித்திருக்கும் சதை, இந்த மூன்றும்தான். தடியின் வேலை இந்த மூன்றையும் காப்பாற்றுவது. மீன் தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியைத் தடி வளைந்து வாங்கிக்கொள்கிறது. மீன் நின்றதும் வளைவு நிமிர்ந்து நரம்பை இறுக்கமாக வைத்திருக்கிறது. அது ஒரு வில். கடினமான தடியில் அந்த வில் இல்லை. மீனின் ஒவ்வொரு உதறலும் நேராக முடிச்சுக்கும் சதைக்கும் போகும். 6 இறாத்தல் லீடரைக் கட்டிக்கொண்டு எம்எச் தடியைப் பிடிப்பது, மெல்லிய நூலில் கல்லைக் கட்டி வெடுக்கென்று இழுப்பது போலத்தான்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்க ஒரு கைத்தராசு வைத்திருப்பீர்கள்தானே? அதை வேலிக் கம்பத்தில் கட்டி, அதன் கொக்கியில் நரம்பைக் கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி நின்று, ரீல் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, தடியை உயர்த்தி மீனை இழுப்பதுபோல இழுங்கள். தராசை இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். கை வலிக்க வலிக்க இழுத்தாலும் சில இறாத்தலைத் தாண்டக் கஷ்டப்படுவீர்கள். பிறகு தடியை மெல்லத் தாழ்த்தித் தராசை நோக்கி நீட்டி, அதே பலத்தோடு பின்னால் நகருங்கள். எண் சட்டென்று ஏறும். இன்னும் நகர்ந்தால் நரம்பு அறுந்துவிடும், ஆகவே அங்கேயே நிறுத்துங்கள். இதைச் செய்யும்போது இருவரும் கண்ணாடி போட்டிருங்கள்.

வளைந்த தடியால் நீங்கள் நரம்பை அறுப்பது மிகக் கடினம். தடியை மீனை நோக்கி நீட்டிப் பிடித்தால் மீனே அறுத்துவிடும். மீன் வேகமாக ஓடும்போது பயத்தில் தடியைத் தாழ்த்தி ரீலைக் கையால் பொத்துகிறார்களே, அந்த நொடியில் தடியே இல்லாதது போலத்தான்.

நீளமான தடி ஏன்? பதின்மூன்று அடித் தடியோடு நிற்கிறவர்களைப் பார்க்கிறேன்.

அவர்கள் மிதப்புக் கட்டி மீன்சினைப் பொட்டலத்தை ஆற்றோடு விடுபவர்கள். பெரும்பாலும் சென்டர்பின் என்ற சக்கர ரீல் வைத்திருப்பார்கள். மிதப்பு ஆற்றின் வேகத்திலேயே போகவேண்டும் என்றால் நடுவில் உள்ள நரம்பு தண்ணீரில் படக்கூடாது. நீளத் தடி நரம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறது. அத்தனை நீளம் மெதுவாக வளைவதால் மெல்லிய லீடருக்கு நல்ல பாதுகாப்பும் கிடைக்கிறது.

ஆனால் நீளத்துக்கு ஒரு விலை உண்டு. உங்கள் கை கைப்பிடியில், மீன் தடியின் மறுமுனையில். நெம்புகோலின் நீளமான பக்கம் மீனுக்குக் கிடைக்கிறது. தடி நீள நீள அதே இழுவைக்கு உங்கள் மணிக்கட்டு கூடுதலாக உழைக்கவேண்டும். ஹைலண்ட் கிறீக் போல மரக்கிளைகள் தலைக்கு மேல் கவிந்து கிடக்கும் இடத்தில் பதின்மூன்று அடி பெரும் தொல்லை. அங்கே எட்டரை அடி போதும். அகலமான, திறந்த ஆற்றுக்கு நீளம், ஓடைக்குக் குட்டை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ரீலின் பிரேக்கை எவ்வளவு இறுக்கவேண்டும்?

கடையில் 'ட்ராக்' என்பார்கள், நான் பிரேக் என்றே சொல்கிறேன். மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இழுவையில் நரம்பை விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. வழக்கமான கணக்கு, அறுபடும் பலத்தின் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. எதன் பலம் என்பதில்தான் தவறு நடக்கிறது. ரீலில் 12 இறாத்தல் நரம்பு இருக்கலாம், ஆனால் லீடர் 8 இறாத்தல் என்றால் கணக்கு 8இல்தான். அதாவது இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேல். கேட்கக் குறைவாகத் தெரியும், அதுவே சரி.

நான் கனராஸ்காவில் தொலைத்த முதல் பெரிய ஸ்டீல்ஹெட் இப்படித்தான் போனது. ஏப்ரல் கடைசி, நல்ல பச்சைத் தண்ணீர். ரீலில் 12 இறாத்தல், லீடர் 6 இறாத்தல். பிரேக்கை விரலால் இழுத்துப் பார்த்து, பன்னிரண்டுக்குச் சரி என்று நினைத்துக்கொண்டேன். மீன் எடுத்தது, ஒரு முறை தலையை ஆட்டியது, பிறகு ஏரியை நோக்கி ஒரே ஓட்டம். ரீல் அசையவே இல்லை. சத்தம்கூட இல்லாமல் எல்லாம் இலேசாகிவிட்டது. அந்த மீன் வெள்ளியாய் உருண்டு திரும்பியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று இரவு வீட்டில் தராசைக் கட்டிப் பார்த்தேன். பிரேக் ஐந்து இறாத்தலுக்கு மேல் இருந்தது.

அளக்கும்போது ரீலில் இருந்து நேராக இழுக்காதீர்கள். நரம்பை வளையங்களுக்குள்ளால் விட்டு, தடியை வளைத்துப் பிடித்து, முனையைத் தராசில் இழுத்துப் பாருங்கள். வளையங்களின் உராய்வும் சேர்ந்து வரும் எண்தான் மீன் உணரும் எண்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மீன் ஓட ஓட ரீலில் நரம்பு குறைந்து, சுற்றின் விட்டம் சுருங்குகிறது. பிரேக்கை நீங்கள் தொடாவிட்டாலும் இழுவை கூடிக்கொண்டே போகும். விட்டம் பாதியானால் இழுவை இருமடங்கு. ஆற்றில் நீளமாகக் கிடக்கும் நரம்பைத் தண்ணீர் இழுப்பதும் அதோடு சேரும். ஆகவே நீண்ட ஓட்டத்தில் பிரேக்கை இறுக்கக்கூடாது. தேவைப்பட்டால் ஒரு சொட்டுத் தளர்த்தவேண்டும். கை தானாக எதிர்ப்பக்கம் திருப்பப் போகும், கவனம்.

மீன் துள்ளும்போது என்ன செய்வது?

தடியின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள், ஒரு நொடிக்கு மட்டும். ஸ்டீல்ஹெட் காற்றில் உதறும்போது தண்ணீரின் தாங்குதல் அதற்கு இல்லை. முழு எடையோடு இறுகிய நரம்பில் விழுந்தால் லீடர் அறும், அல்லது முள் கிழித்துக்கொண்டு வரும். தண்ணீருக்குள் விழுந்ததும் உடனே தடியை வளைத்துவிடுங்கள். தடியைத் தாழ்த்தாதே என்று மேலே சொன்னதற்கு இந்த ஒரு நொடிதான் விலக்கு.

மீன் ஆற்றோடு கீழே ஓடிவிட்டது. நின்ற இடத்தில் நின்று இழுத்தால் வராதா?

வராது. மீனின் எடையோடு ஆற்றின் முழு வேகத்தையும் சேர்த்து இழுக்கிறீர்கள். கரையேறி அதன் பின்னால் நடங்கள். ஓடாதீர்கள், கற்களில் பாசி இருக்கும். மீனுக்கு நேர் எதிரே, முடிந்தால் சற்றுக் கீழே போய் நிற்கவேண்டும். அப்போது மீன் உங்களையும் இழுத்து, ஆற்றையும் எதிர்க்கவேண்டி வரும். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

தடியை எப்போதும் வானத்தை நோக்கிப் பிடிக்காதீர்கள். பக்கவாட்டில், கரைப்பக்கம் சாய்த்து இழுங்கள். மேலே இழுத்தால் மீனைத் தூக்குகிறீர்கள், அது தன் எடையைப் போட்டு நிற்கும். பக்கத்தில் இழுத்தால் அதன் தலையைத் திருப்புகிறீர்கள், தலை திரும்பினால் உடலும் திரும்பும். வலப்பக்கம் ஓடுகிறதா, இடப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தால் மீன் சீக்கிரம் களைக்கும்.

பாறையோ மரமோ வழிமறித்து, பின்னால் போகவே முடியாதபோது ஒரு கடைசி வழி உண்டு. இழுவையை முழுதாக விட்டு நரம்பைத் தளர்த்துங்கள். தளர்ந்த நரம்பை ஆறு மீனுக்குக் கீழே கொண்டுபோய் வளைக்கும். இழுவை இப்போது கீழிருந்து வருவதாக மீன் உணர்ந்து, அதை எதிர்த்து மேலே நீந்தத் தொடங்கும். எல்லா முறையும் நடக்காது. ஆனால் வேறு வழியே இல்லாத இடத்தில் எனக்குச் சில மீன்களைத் திருப்பித் தந்திருக்கிறது.

கரைக்குப் பக்கத்தில் வந்த மீன்தான் எனக்குத் தப்புகிறது. ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. மூன்று காரணங்கள்.

முதலாவது, நரம்பு குட்டையாகிவிட்டது. நைலான் நரம்பு இழுபடும், முப்பது மீற்றர் வெளியே இருந்தபோது அந்த இழுபாடு ஒரு மெத்தை போல இருந்தது. இப்போது மூன்று மீற்றர்தான் இருக்கிறது, மெத்தை இல்லை. மீன் உங்கள் காலைக் கண்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் அத்தனையும் முடிச்சில் விழும். ஆகவே மீன் அருகில் வந்ததும் பிரேக்கைச் சிறிது தளர்த்துங்கள்.

இரண்டாவது, தடியை நெட்டுக்குத்தாகத் தூக்கி முதுகுக்குப் பின்னால் சாய்ப்பது. அப்போது வளைவு முழுவதும் மெல்லிய நுனியில் விழும். தடிகள் உடைவதை நான் பார்த்த இடம் பெரும்பாலும் இதுதான். கையை நீட்டி, தடியைச் சாய்த்து, ஓரடி பின்னால் நடந்து மீனைக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, அத்தாங்கு. உதவிக்கு வந்த நண்பர் அத்தாங்கு வலையைத் தூக்கிக்கொண்டு மீனைத் துரத்துவார். வால்ப்பக்கமாகக் கோருவார். வால் வலையில் பட்டதும் மீன் முன்னால் பாயும், எல்லாம் முடிந்தது. அத்தாங்கைத் தண்ணீருக்குள் தாழ்த்தி அசையாமல் பிடிக்கவேண்டும். தடி வைத்திருப்பவர்தான் மீனைத் தலைப்பக்கமாக அதற்குள் கொண்டுவரவேண்டும். தலை உள்ளே வந்தபின் தூக்கினால், மீன் பாய்ந்தாலும் வலைக்குள்தான் பாயும். இதை மீன் மாட்டுவதற்கு முன்பே நண்பரிடம் சொல்லிவிடுங்கள். மீனோடு போராடும்போது சொன்னால் அது சண்டையில் முடியும்.

அத்தாங்கு இல்லாவிட்டால் சால்மனின் வாலடியைக் கையால் பிடிக்கலாம், அந்த இடம் விறைப்பானது. பிரவுன் ட்ரவுட்டை அப்படிப் பிடிக்க முயன்றால் வால் சுருங்கி வழுக்கிவிடும்.

எப்படித் தப்பியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், நரம்பின் முனையே சொல்லும். மனம் நொந்து உடனே புது முள் கட்டாமல் அதை ஒரு நிமிடம் பாருங்கள். முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, சரியாக இறுக்கவில்லை. முனை வெண்மையாக, சொரசொரப்பாக இருந்தால் கல்லிலோ மீனின் பல்லிலோ தேய்ந்து அறுந்திருக்கிறது. ஆற்றில் ஏறிய ஆண் சினூக்கின் தாடை கொக்கிபோல வளைந்து பல் முளைத்திருக்கும், அது லீடரை அரம்போல அராவும். முனை சுத்தமாக, முடிச்சு இருந்த இடத்தில் அறுந்திருந்தால் பிரேக் இறுக்கம், அல்லது முடிச்சை உலர்வாக இறுக்கியதில் சூடேறி நரம்பு பலமிழந்திருக்கிறது.

முள் திரும்பி வந்து, நிமிர்ந்து போயிருந்தால் மெல்லிய கம்பி முள்ளுக்கு அதிக இழுவை கொடுத்துவிட்டீர்கள். முள் நல்லபடி திரும்பி வந்தால் அதன் கூர்முனையை விரல் நகத்தில் இலேசாக வைத்து இழுங்கள். நகத்தில் குத்தி நின்றால் கூர். வழுக்கிக்கொண்டு போனால் மொட்டை, அது மீனின் வாயில் தோலோடு நின்றிருக்கும். கல் நிறைந்த ஆற்றில் முள் சீக்கிரம் மொட்டையாகும், ஒரு சின்ன அரம் பையில் இருக்கட்டும்.

எந்த முடிச்சு?

நன்றாகக் கட்டத் தெரிந்த முடிச்சு. பாலோமர், யூனி இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டும் அளவுக்குப் பழகுங்கள். இறுக்குமுன் வாயில் வைத்து நனையுங்கள், மெதுவாக இறுக்குங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீற்றரை விரலுக்கிடையில் உருவிப் பாருங்கள். சிறு சொரசொரப்பு இருந்தாலும் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். கை விறைக்கும் நவம்பர் காலையில் இதற்குச் சோம்பல் வரும், தெரியும். ஆனாலும் கட்டுங்கள்.

பின்னல் நரம்பு நல்லதா, நைலானா?

பின்னல் நரம்பு ஒல்லி, பலம், இழுபடாது. தூரத்தில் ஸ்பூன் எறியும்போது கொத்துவது நன்றாகத் தெரியும். ஆனால் இழுபடாததால் அதிர்ச்சியைத் தாங்கும் முழு வேலையும் தடியின் தலையில் விழுகிறது. கடினமான தடியோடு பின்னல் நரம்பைச் சேர்ப்பதுதான் மீனைத் தொலைக்கச் சுருக்கமான வழி. பின்னல் போட்டால் மென்மையான தடி, கூடவே நீளமான லீடர். உறைகுளிரில் பின்னல் தண்ணீரை உறிஞ்சிக் கொண்டுவந்து வளையங்களைப் பனிக்கட்டியால் அடைக்கும். புதிதாகப் பழகுபவருக்கு 10 இறாத்தல் நைலான்தான் என் பதில்.

நான் மாட்டிய மீன் நிற்கவே இல்லை, லொறி மாதிரி இழுத்தது. எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்?

அது வாயில் மாட்டியிருக்காது. நிறைய மீன் நெருக்கமாகக் கிடக்கும் குழியில் முள் செட்டையிலோ வாலடியிலோ கொழுவுவது உண்டு. வாயில் மாட்டினால் அதன் தலையைத் திருப்பலாம். வாலில் மாட்டிய மீனுக்குத் தலை சுதந்திரமாக இருக்கிறது, முழு பலத்தோடு நேராக ஓடும். எட்டு இறாத்தல் மீன் இருபது போலத் தெரியும். அப்படி மாட்டியது தெரிந்தால் தடியை நேராக்கி, நரம்பைப் பிடித்து அறுத்துவிடுங்கள். வாய் தவிர வேறிடத்தில் மாட்டிய மீனை உடனே விடவேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். வேண்டுமென்றே முள்ளை இழுத்துக் குத்திப் பிடிப்பது குற்றம். கரையில் சிலர் அதைச் செய்கிறார்கள், எங்களவர்களும் அதில் உண்டு என்று எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. முட்டையிட வந்த மீனை அப்படிக் குத்தி இழுப்பது தூண்டில் போடுவது அல்ல.

விலை கூடிய தடி வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

எடையில் தெரியும், கை நோவதில் தெரியும். மீன் தப்புவதில் அவ்வளவு தெரியாது. கூடுதல் காசு இருந்தால் ரீலில் போடுங்கள். மலிவான ரீலின் பிரேக் முதலில் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு திடீரென்று விடும். அந்த ஒட்டல் ஒன்றே லீடரை அறுக்கப் போதும். கடையில் பிரேக்கை இலேசாக வைத்து நரம்பை மெதுவாக இழுத்துப் பார்க்கக் கேளுங்கள். தயங்காமல் வழுக்கி வரவேண்டும்.

விலை கூடிய தடி இல்லாமலே பெரிய மீனைக் கரை சேர்த்தவர்கள் உண்டு. 1922 அக்டோபர் 7 அன்று ஸ்கொட்லாந்தின் டே ஆற்றில் ஜோர்ஜினா பலன்டைன் என்ற பெண், தந்தையோடு படகில் போய் 64 இறாத்தல் அட்லாண்டிக் சால்மனைப் பிடித்தார். தடியில் பிடித்த சால்மன்களில் பிரித்தானியாவின் சாதனையாக அது இன்றும் நிற்கிறது. அப்போது நைலான் நரம்பு இல்லை, கிராஃபைட் தடி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல், இருட்டும்வரை, ஆற்றோடு அந்த மீனின் பின்னாலேயே போனார்கள்.

அப்படியானால் நானும் மெல்லிய நரம்பு போட்டு இரண்டு மணி நேரம் விளையாடலாமா?

வேண்டாம். நீண்ட நேரம் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிறகு இறக்கக்கூடும். தண்ணீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட்டுக்கு மூச்சுவிடுவதே பாடு. அந்த நாளில் விட்டுவிடும் எண்ணத்தோடு பிடிக்கவே போகாதீர்கள். மீனைச் சீக்கிரம் கரை சேர்க்கத் தேவையான அளவுக்குத் தடியும் நரம்பும் பலமாக இருக்கவேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

சினூக் பசிபிக் கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒன்ராறியோ ஏரியில் விடப்பட்ட மீன். முட்டையிட்டபின் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியல்ல, முட்டையிட்டு ஏரிக்குத் திரும்பி, மறுபடி வரும். ஆகவே பெரிய பெண் ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிடுவது என் வழக்கம். இந்த ஏரிக்கே சொந்தமான அட்லாண்டிக் சால்மன் 1898க்குள் அற்றுப்போனது. மர ஆலைகளின் அணைகளும், காடழிப்பும், அளவில்லாமல் பிடித்ததும் சேர்ந்து அதை முடித்தன. இப்போது குஞ்சு விட்டு மீட்கப் பார்க்கிறார்கள்.

பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா?

ஏரியில் பிடித்த வெள்ளிச் சால்மன் நல்ல ருசி. ஆற்றில் ஏறிக் கறுத்த சினூக்கின் சதை வெளிறி, சோர்ந்திருக்கும். தேசிக்காயும் மிளகும் எவ்வளவு போட்டாலும் தேறாது. பெரிய மீனில் மாசும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். எந்த நீர்நிலையில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் அதைப் பார்க்காமல் சமைக்காதீர்கள். தோலையும் கொழுப்பையும் வெட்டி அகற்றுங்கள்.

உரிமம்?

கட்டாயம். கனடாவில் வசிக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் 65ஐ எட்டியவர்களும் அடையாள ஆவணம் வைத்திருந்தால் போதும், மற்றவர்களில் பெரும்பாலோர் வாங்கவேண்டும். ஆற்றுக்கு ஆறு, பகுதிக்குப் பகுதி காலம் மாறும். பல இடங்களில் ட்ரவுட் காலம் ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை தொடங்குகிறது. போர்ட் ஹோப் அணையடியில் மீன்கள் குவிந்து துள்ளுவதைப் பார்க்கலாம், அங்கே தூண்டில் போடக்கூடாது. ஒவ்வொரு வருடமும் புதிய விதிகளை வாசித்துவிட்டுப் போங்கள்.

பத்து வயது மகனைக் கூட்டிப் போகிறேன். அவனுக்கு என்ன தடி?

ஆறரை அடி, இலேசான வலு, 6 இறாத்தல் நரம்பு. சால்மன் ஆற்றுக்கு முதலில் கூட்டிப் போகாதீர்கள். ஏரிக்கரையில் சின்ன மீன்களோடு தொடங்கட்டும். பிரேக் சத்தம் போட்டு நரம்பு போகும்போது ரீலின் கைப்பிடியைச் சுற்றாமல் காத்திருக்க அவன் பழகவேண்டும், அதற்குச் சின்ன மீனே போதும். உயிர்க்காப்பு அங்கி போடுங்கள், தொப்பியும் கண்ணாடியும் போடுங்கள். பெரிய மீன் மாட்டினால் தடியை அவன் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள், அத்தாங்கை நீங்கள் பிடியுங்கள்.